சப்பாத்துத் தைப்பவரின் விருந்து: அனத்தோலியாவின் அஹிகளும் அவர்களது அறப்பணியும்

இப்னு பதூதா என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது புத்தளமும் பாவா ஆதம் மலையும்தான். 1344இல் அவர் இங்கு கரைசேர்ந்தார். ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கும் துணைக்கு ஆட்களும் கொடுத்து அவரை மலைக்கு அனுப்பி வைத்தார். இதை எழுதாத நமது வரலாற்றாசிரியர் யார்? காலியில் இப்றாஹீம் என்ற நகூதா ஒருவர் அவருக்கு விருந்து வைத்தாரே, அந்த ஒற்றை வரியை எத்தனை கட்டுரைகளில் எடுத்தாண்டிருக்கிறோம்! அதில் பிழையில்லை. ஆனால் நம்மைத் தேடி அந்த நூலுக்குள் போனவர்கள் நம்மைக் கண்டதும் நூலை மூடிவிட்டார்கள் என்பதுதான் எனக்குள்ள குறை. இலங்கைக்கு வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர் அவர் இன்றைய துருக்கியின் ஊர்களைச் சுற்றினார். அந்தப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வருவது சுல்தான்களோ உலமாக்களோ அல்ல. கைத்தொழில் செய்து பிழைக்கிற சாதாரண மனிதர்கள்.

முதலாவது சம்பவம் அந்தால்யாவில் நடக்கிறது. தென்கரைத் துறைமுகம் அது. இப்னு பதூதா அங்குள்ள மதரஸா ஒன்றில் தங்கியிருக்கிறார். இரண்டாம் நாள் ஒருவர் வந்து மதரஸாவின் ஷெய்கிடம் துருக்கியில் ஏதோ பேசுகிறார். இவருக்கு அந்த மொழி விளங்காது. வந்தவரின் உடுப்போ பழையது. தலையில் கம்பளித் தொப்பி. "உங்களையும் உங்களுடன் வந்தவர்களையும் விருந்துக்கு அழைக்கிறார்" என்று ஷெய்க் விளக்குகிறார். சரி என்று சொல்லிவிட்டாலும் அந்த ஆள் போன பிறகு இப்னு பதூதாவுக்கு மனம் கேட்கவில்லை. இந்த ஏழை மனிதருக்கு நாம் ஏன் கஷ்டம் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார். ஷெய்க் சிரித்துவிட்டாராம். அவர் சப்பாத்துத் தைப்பவர்; ஆனால் அவருக்குப் பின்னால் சுமார் 200 கைத்தொழிலாளர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் அவரைத் தலைவராக்கி, வருகிறவர்களைத் தங்கவைப்பதற்கு ஒரு ஸாவியாவும் கட்டியிருக்கிறார்கள்; பகலில் உழைப்பதை இரவில் செலவழிப்பார்கள் என்று அதற்குப் பிறகுதான் சொல்கிறார்.

மஃரிபுக்குப் பிறகு போய்ப் பார்த்தால் நல்ல கம்பளங்கள் விரித்திருக்கின்றன, ஈராக்கியக் கண்ணாடி விளக்குகள் தொங்குகின்றன. இளைஞர்கள் வரிசையாக நிற்கிறார்கள். காலில் உயர்ந்த பாதணி, இடுப்பில் இரண்டு முழ நீளக் கத்தி, தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி. உட்காரும்போது அந்தத் தொப்பியைக் கழற்றி முன்னால் வைக்கிறார்கள். உள்ளே இன்னொரு தொப்பி இருக்கிறது. பழங்கள், பலகாரங்கள், சாப்பாடு. அதன் பிறகு பாட்டும் ஆட்டமும். (இந்தக் கடைசி விசயத்தை நமது மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் மெல்லத் தாண்டிப் போய்விடுவது வழக்கம். இருந்ததை இருந்தபடி சொல்வோம்.)

இவர்களைத்தான் அஹிகள் என்கிறார் இப்னு பதூதா. துர்க்மேனியர் குடியேறிய நாடு முழுவதிலும், நகரத்திலும் கிராமத்திலும், இவர்கள் இருந்தார்கள் என்பது அவரது சாட்சியம். திருமணம் முடிக்காத இளந்தொழிலாளர்கள் ஒன்று சேர்ந்து தங்களுக்கு ஒரு தலைவரைத் தெரிவு செய்கிறார்கள். அவர்தான் அஹி. அவர் ஸாவியா கட்டி, விரிப்பு, விளக்கு, பாத்திரம் எல்லாம் போடுவார். மற்றவர்கள் பகல் முழுக்க வேலை செய்து, அஸருக்குப் பிறகு அன்றைய வருமானத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்தக் காசில்தான் சாமான் வாங்கிச் சமையல். ஊருக்கு முஸாபிர் யாராவது வந்திருந்தால் அவருக்கு அங்கேதான் இடம். புறப்படும் வரைக்கும் அவர் அவர்களுடைய விருந்தாளி. யாரும் வரவில்லையென்றால் தாங்களே சேர்ந்து சாப்பிட்டுவிட்டுக் கலைந்து போவார்கள், மறுநாள் காலை வேலைக்கு. உலகத்தில் இவர்களைப் போல் நற்செயல் செய்பவர்களைத் தான் கண்டதில்லை என்றும், ஷீராஸ், இஸ்பஹான் ஆட்கள் மட்டும் ஓரளவு கிட்ட வருவார்கள் என்றும் எழுதுகிறார். டில்லியையும் சீனாவையும் பார்த்து முடித்த பிறகு சொல்லி எழுதுவித்த வார்த்தை இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

'அஹி' என்ற பெயரைப் பற்றி இரண்டு கருத்துண்டு. அரபியில் 'என் சகோதரன்' என்று இப்னு பதூதா விளங்கிக்கொண்டார். நமக்கும் அதுதான் உடனே காதில் விழும். ஆனால் 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல்காஷ்கரி தொகுத்த துருக்கி மொழி அகராதியில் 'அகி' என்றால் கொடையாளி, தாராள மனமுள்ளவன் என்று பொருள் இருக்கிறது. துருக்கி ஆய்வாளர் பலர் இதிலிருந்துதான் சொல் வந்தது என்கிறார்கள். எனக்கு இரண்டும் கலந்திருக்கலாம் என்றே படுகிறது. துருக்கிச் சொல்லொன்று அரபிச் சொல்லின் சாயலில் நிற்கும்போது சனங்கள் இரண்டு அர்த்தத்தையும் ஒன்றாக வைத்துக்கொள்வார்கள்.

இவர்களுடைய வேரைத் தேடினால் 'ஃபுதுவ்வா'வுக்குப் போக வேண்டும். ஃபதா என்றால் இளைஞன். குர்ஆனில் சிலைகளை உடைத்த இப்றாஹீம் நபியை அந்த ஊரார் குறிப்பிடுவது இந்தச் சொல்லால். குகைவாசிகளும் 'ஃபித்யா' என்றே அழைக்கப்படுகிறார்கள். இளைஞனுக்குரிய வீரம், தாராளம், தன்னைப் பின்னுக்குத் தள்ளிப் பிறரை முன்வைத்தல் - இவையெல்லாம் சேர்ந்த குணம் ஃபுதுவ்வா. 1021இல் வபாத்தான அபூ அப்துர் ரஹ்மான் அஸ்ஸுலமி இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆனால் புத்தகத்தில் இருக்கிற ஃபுதுவ்வா ஒன்று, பக்தாத் தெருவில் இருந்த ஃபுதுவ்வா இன்னொன்று. தெருவில் அது இளைஞர் கோஷ்டிகளின் பெயராகவும் இருந்தது. அவர்கள் சில நேரம் ஏழைக்குக் காவல், சில நேரம் வெறும் சண்டியர்கள். இந்தக் கோஷ்டிகளை அடக்க முடியாமல் போனபோது அப்பாஸிய கலீஃபா அந்நாஸிர் (ஆட்சி 1180–1225) கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தார். தானே அதில் சேர்ந்துகொண்டார். ஃபுதுவ்வாவின் அடையாளமான கால்சட்டையை அணிந்து, உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் குடித்து, பிறகு அதற்குத் தானே தலைவராகி, மற்ற நாட்டு மன்னர்களுக்கும் அந்தக் கால்சட்டையை அனுப்பி வைத்தார். அவருடைய தூதராகக் கொன்யாவுக்குப் போனவர் பெரிய சூஃபி ஷெய்க் ஷிஹாபுத்தீன் உமர் அஸ்ஸுஹ்ரவர்தி. இந்த வழியாகத்தான் ஃபுதுவ்வா அனத்தோலிய ஸல்ஜூக்கியரின் நாட்டுக்குள் முறைப்படி புகுந்தது.

கலீஃபாக்களும் சுல்தான்களும் அணிந்த கால்சட்டை சப்பாத்துத் தைப்பவனின் இடுப்புக்கு எப்படி இறங்கியது என்பதுதான் சுவாரசியமான கேள்வி. 1243இல் கோஸே தாக் போரில் மங்கோலியர் ஸல்ஜூக்கியரைத் தோற்கடித்தார்கள். 1258இல் பக்தாதும் கலீஃபாவும் போய்விட்டார்கள். அரசு இருக்கிறது, ஆனால் இல்லை என்ற நிலைமை. வரி மட்டும் கேட்டு வருவார்கள். பாதுகாக்க யாரும் இல்லை. கிழக்கிலிருந்து அகதிகளாக ஓடிவந்த தொழிலாளரும் தர்வேஷ்களும் ஊர்களில் நிறைந்திருந்த காலம். மேலே இருந்தவர்களின் கௌரவச் சின்னமாக இருந்த ஃபுதுவ்வாவைக் கீழே இருந்தவர்கள் தங்களுடைய தேவைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஊரில் சுல்தான் இல்லாத இடங்களில் அஹியே ஆளுநரைப் போல் இருந்து, வருகிறவருக்குக் குதிரையும் உடையும் கொடுப்பார் என்று இப்னு பதூதா கைசேரியைப் பற்றிப் பேசும்போது சொல்கிறார். அங்காராவில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்த நகரம் அஹிகளின் செல்வாக்கில்தான் இருந்தது; 1360களின் தொடக்கத்தில் முதலாம் முராத் காலத்தில் உஸ்மானியர் கைக்கு வந்தது.

இந்த இயக்கத்துக்கு ஒரு முகம் உண்டென்றால் அது அஹி எவ்ரான். ஈரானின் கோய் நகரிலிருந்து வந்தவர், தோல் பதனிடும் தொழிலாளி, கிர்ஷெஹிரில் அடங்கியிருப்பவர், 1261ஐ ஒட்டி வபாத்தானவர் என்பது மரபு. பாம்புகளை அடக்கினார் என்பது போன்ற கறாமத்துக் கதைகளும் ஏராளம். அதையெல்லாம் ஒரு பக்கம் வைத்தாலும், பிற்காலத்தில் அனத்தோலியாவிலும் பால்கன் நாடுகளிலும் இருந்த தோல் பதனிடுவோர் சங்கங்கள் கிர்ஷெஹிர் தர்காவின் 'அஹி பாபா'வைத் தங்கள் தலைவராக ஏற்றன என்பது ஆவணங்களில் உள்ள விசயம். அவருடைய பிரதிநிதிகள் ஊர் ஊராகப் போய் தொழில் பழகி முடித்தவர்களுக்கு இடுப்புத்துணி கட்டிவிடுவார்கள். ஏன் தோல் பதனிடுபவர்? நாறுகிற தொழில், ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில் ஒதுக்கி வைக்கப்பட்ட தொழில். ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் ஒன்றாக வாழ்ந்தார்கள், அதனால் ஒன்றாகச் சேரவும் அவர்களுக்கு இலகுவாக இருந்திருக்கும். இது என் ஊகம்தான்.

பெண்களைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. 15ஆம் நூற்றாண்டு உஸ்மானிய வரலாற்றாசிரியர் ஆஷிக்பாஷாஸாதே, அனத்தோலியாவில் இருந்த நான்கு கூட்டங்களை எண்ணும்போது அஹிகளோடு 'பாஜியான்', அதாவது சகோதரிகள், என்ற ஒரு கூட்டத்தையும் சேர்த்துச் சொல்கிறார். அஹி எவ்ரானின் மனைவி ஃபாத்மா பாஜி இதன் தலைவி என்று மரபு சொல்லும்.

*

அஹி ஸாவியாவைப் பற்றி வாசிக்கும்போது நமது தக்கியாக்களும், காலியிலிருந்து கல்முனை வரை நடக்கும் கந்தூரிகளும் மனதில் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் முக்கியமானது. கந்தூரி வருடத்தில் ஒரு முறை. பெரும்பாலும் ஊரின் வசதியான ஆட்கள் கொடுக்கும் மாடும் அரிசியும் அதன் முதுகெலும்பு. அஹியின் சோறோ அன்றாடச் சோறு. கொடுப்பவன் தினக்கூலிக்காரன். நாள் முழுக்கத் தைத்த சப்பாத்தின் காசு அன்றிரவே முன்பின் தெரியாத ஒருவனின் தட்டில் விழுகிறது. மிஞ்சியதைக் கொடுப்பது வேறு, உழைத்ததை உடனே பகிர்வது வேறு. இரண்டாவதில் வாங்குபவனுக்குத் தலை குனிய வேண்டியதில்லை. ஏனெனில் கொடுப்பவனும் அதே ஸுப்ராவில் உட்கார்ந்து அதையேதான் சாப்பிடுகிறான்.

தெனிஸ்லியில் (இப்னு பதூதா லாதிக் என்பார்) நடந்தது இதைவிடத் தமாஷ். ஊருக்குள் நுழைந்ததும் கடைகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து இவர்களுடைய குதிரைகளின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வேறு சிலர் ஓடிவந்து அவர்களோடு மல்லுக்கட்டினார்கள். சிலர் கத்தியையும் உருவிவிட்டார்கள். வழிப்பறிக்காரர் கையில் அகப்பட்டோம் என்று இவர்கள் நடுங்கிப்போனார்கள். கடைசியில் அரபி தெரிந்த ஒரு ஹாஜியார் வந்து விளக்கினார்: முதலில் பிடித்தவர்கள் அஹி ஸினானின் ஆட்கள், பிறகு வந்தவர்கள் அஹி தூமானின் ஆட்கள், விருந்தாளிகள் யாருக்கு என்பதில்தான் சண்டை! சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள், ஸினானுக்கு விழுந்தது. அவர் இவர்களைக் குளிப்பிடத்துக்குக் கூட்டிப்போய்த் தானே நின்று பணிவிடை செய்தார். அதன் பிறகு விருந்தும் குர்ஆன் ஓதலும். அடுத்த முறை தூமானுக்கு. அவர் இன்னும் ஒருபடி மேலே போய்க் குளித்து வந்தவர்கள் மேல் பன்னீர் தெளித்தார்.

அதே ஊரில் நோன்புப் பெருநாள். ஒவ்வொரு தொழிலாளர் கூட்டமும் தத்தம் கொடியோடு, மேளம், ஊதுகுழல் முழங்க, ஆயுதம் தரித்து ஊர்வலம் வந்தது. ஒவ்வொரு கூட்டத்தோடும் மாடுகள், ஆடுகள், பாண் சுமைகள். முதலில் மையவாடிக்குப் போய் அங்கே அறுத்து, இறைச்சியையும் பாணையும் ஏழைகளுக்குப் பங்கிட்டுவிட்டுத்தான் தொழுகைத் திடலுக்குப் போனார்கள். எனக்கு இந்தப் பெருநாள் காட்சி மிகப் பெறுமதியானது. ஏனென்று சொல்கிறேன்.

அஹி அமைப்பு உண்மையில் ஒரு வணிக, தொழிற்சங்கம்தானா என்பதில் ஆய்வாளரிடையே பெரிய வாதம் உண்டு. லூயி மாஸிஞோன் இஸ்லாமியத் தொழிற்சங்கங்களைப் 10ஆம் நூற்றாண்டுக் கர்மதியர் இயக்கத்தோடு முடிச்சுப் போட்டார். பெர்னார்ட் லூயிஸ் 1937இல் எழுதிய கட்டுரையில் அதே தடத்தில் போனார். பிறகு வந்த குளோத் காஹென் போன்றவர்கள் இதை ஏற்கவில்லை: அக்காலத்து அஹிகள் ஒரே தொழிலுக்குரிய சங்கமல்ல, பல தொழிலைச் சேர்ந்த இளைஞர் கூட்டம், அசலான தொழிற்சங்கம் பிற்காலத்து விசயம் என்பது அவர்கள் வாதம். அந்தால்யாவின் 200 பேரைப் பார்த்தால் காஹென் சொல்வது சரி போலத்தான் இருக்கிறது. ஆனால் தெனிஸ்லிப் பெருநாளைப் பாருங்கள்: தொழில் வாரியாகக் கொடி, தொழில் வாரியாக ஊர்வலம், தொழில் வாரியாக ஸதகா. ஆக, 1330களிலேயே ஒரு தொழிலைச் செய்பவர்கள் ஓர் அணியாகச் சேர்ந்து தர்மம் செய்யும் வழக்கம் இருந்திருக்கிறது. சட்டமும் விதியும் கொண்ட சங்கம் பிறகு வந்திருக்கலாம். அதற்கு முன்பே சேர்ந்து கொடுக்கும் பழக்கம் வந்துவிட்டது.

உஸ்மானியர் அரசு பலப்பட்ட பிறகு அஹிகளின் அரசியல் செல்வாக்குக் குறைந்தது. ஆரம்பத்தில் அவர்களுக்கு நல்ல மரியாதைதான்; 1366ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் முதலாம் முராத் மால்கராவில் அஹி மூஸா என்பவருக்குத் தன் கையால் இடைக்கச்சை கட்டி அங்கே அஹியாக நியமித்ததாக இருக்கிறது. சுல்தானே அஹி! வழிப்பாதைகளில் ஸாவியா நடத்தியவர்களுக்குக் காணிகள் வக்பாக விடப்பட்டன, வரிவிலக்கும் கிடைத்தது. பதிலுக்கு அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே: போகிறவர் வருகிறவருக்குச் சாப்பாடும் தங்குமிடமும். ஆனால் ஆயுதம் தாங்கி, கொடுங்கோல் அதிகாரிகளைக் கொல்லவும் தயங்காத இளைஞர் படை ஒன்றை (இதையும் இப்னு பதூதா பாராட்டாகவே சொல்கிறார்) எந்த அரசு நீண்ட நாள் விட்டு வைக்கும்? கத்தி போய்விட்டது, தொழில் ஒழுங்கும் தர்மமும் மிஞ்சின. அஹிகள் இருந்த இடத்தில் 'எஸ்னாஃப்' என்ற தொழிற்சங்கங்கள் நின்றன. பல ஊர்களில் கிறிஸ்தவரும் யூதரும் கூட அவற்றில் அங்கத்தவர்கள்.

இந்தக் காலத்துச் சங்கப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு பொதுப் பெட்டி இருந்தது. தொழில் பழகுபவன் அடுத்த படிக்கு உயரும்போது அவனுக்காக அவனுடைய உஸ்தா கட்டும் தொகை, அங்கத்தவர்களின் வாரப் பணம் அல்லது மாதப் பணம், வசதியானவர்களின் அன்பளிப்பு எல்லாம் அதற்குள். பெட்டிக்குள் ஆறு பைகள். பட்டுப் பையில் சங்கத்தின் வக்புப் பத்திரங்கள். பச்சைப் பையில் சங்கத்துச் சொத்துகளின் உறுதிகள். பின்னல் பையில் காசு. சிவப்புப் பையில், கடன் கொடுத்த காசுக்கான சீட்டுகள். வெள்ளைப் பையில் செலவுப் பற்றுச்சீட்டுகளும் வருடக் கணக்கும். கறுப்புப் பையில் அறவிட முடியாமற்போன கடன்களின் சீட்டுகள்.

அந்தக் கறுப்புப் பைதான் என்னை நிறுத்தி வைத்தது. வராத கடனைக் கிழித்துப் போடவுமில்லை, அதற்காக ஆளைத் தெருவில் இழுக்கவுமில்லை. தனியாக ஒரு பை, அதற்குத் தனி நிறம். எந்தத் தர்மக் கணக்கிலும் இப்படி ஒரு பகுதி இருக்கத்தான் செய்யும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மனிதர்களின் வேலை அது. நமது ஊர்களில் ஜனாஸா நலன்புரிச் சங்கத்தின் கணக்குப் பார்த்தவர்களுக்கு, கடன் சீட்டு ஒன்று எங்கேயாவது செருகுப்பட்டு பிறகு பெரிய சண்டையாக வெளியே வருவது தெரிந்த கதை. அவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

பெட்டிக் காசு எதற்குப் போனது? நோயாளியான அங்கத்தவனின் குடும்பத்துக்கு, மௌத்தானவனின் கஃபனுக்கும் கப்ருக்கும், கல்யாணத்துக்கு, புதிதாகக் கடை திறக்கும் உஸ்தாவுக்கு முதலாக. மச்சாக் கடை எரிந்துபோனால் அதற்கும். றமழானில் ஏழைகளுக்கு அரிசி, மஹல்லாவின் தண்ணீர்க் குழாய், பள்ளி விளக்கு எண்ணெய். சங்கத்துக்குள் மட்டும் சுற்றாமல் மஹல்லாவுக்குள்ளும் அந்தக் காசு போனது.

சண்டை வந்தது வேறிடத்தில். பெட்டிக் காசைச் சும்மா வைத்திருக்காமல் கடன் கொடுத்து, திரும்பி வரும்போது கொஞ்சம் கூடுதலாக வாங்கி, அந்தக் கூடுதலில் தர்மம் செய்தார்கள். உஸ்மானிய நாடு முழுக்கப் பரவியிருந்த 'காசு வக்பு' முறையும் இதுவே. 16ஆம் நூற்றாண்டில் இதைப் பற்றி உலமாக்கள் கடுமையாக மோதினார்கள். ஷெய்குல் இஸ்லாமாக இருந்த சிவிஸாதே, இது கூடாது என்றார். அவருக்குப் பின் 1545 முதல் 1574 வரை அந்தப் பதவியில் இருந்த அபூ ஸுஊத், காசை வக்பு செய்யலாம் என்று இமாம் ஸுஃபரின் கருத்தைப் பிடித்துக்கொண்டு அனுமதித்தார். இதை நிறுத்தினால் எத்தனையோ பள்ளிகளும் தர்மங்களும் மூடப்படும் என்பது அவரது நியாயம். பிர்கிலி மெஹ்மத் எஃபந்தி (வபாத் 1573) விடவில்லை. பெயரை மாற்றினாலும் வட்டி வட்டிதான், வட்டியில் வந்த சோறு தர்மமாகாது என்று கடைசி வரை எழுதினார். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமக்கு இந்த விவகாரத்தில் முதற்படியிலேயே தடை இருக்கிறது. நமது மத்ஹபின் பிரபலமான கருத்தில் செலவழிந்து அழியும் காசை வக்பு செய்ய முடியாது. இன்றைக்கு 'வட்டியில்லாக் கடன்' திட்டம் என்று நமது ஊர்களில் ஆரம்பிப்பவர்கள் இந்தப் பழைய வாதத்தின் இரண்டு பக்கத்தையும் ஒரு முறை வாசிப்பது நல்லது. என்னுடைய மனம் பிர்கிலியோடுதான் இருக்கிறது. ஆனால் மூடப்பட்டுவிடும் என்று அபூ ஸுஊத் சொன்ன பள்ளிகளும் கண் முன்னால் வந்து போகத்தான் செய்கின்றன.

*

இவ்வளவும் சொன்ன பிறகு அஹிகளை ஒரு பொற்காலமாக்கிவிடுவது இலகு. துருக்கியில் அது நடந்துகொண்டும் இருக்கிறது. ஆண்டுதோறும் அரசு ஆதரவில் அஹி வாரம் கொண்டாடுகிறார்கள். விழாவில் பேசாத பக்கம் ஒன்று உண்டு. அதையும் எழுதாவிட்டால் இது விளம்பரமாகிவிடும்.

ஃபுதுவ்வா நூல்களில், யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது என்ற பட்டியல் இருக்கும். அனத்தோலியத் துருக்கியில் எழுதப்பட்ட ஆரம்பகால ஃபுதுவ்வா நூல்களில் ஒன்று யஹ்யா பின் கலீல் அல்புர்காஸியுடையது. அதில் குடிகாரனையும் பதுக்கல்காரனையும் தள்ளியிருப்பது நியாயம். தரகன் பொய் சொல்வான் என்று அவனையும் தள்ளினார்கள், போகட்டும். ஆனால் இறைச்சிக் கடைக்காரர், சத்திரவைத்தியர், வேடர், குளிப்பிடத்தில் உடம்பு தேய்த்து விடுபவர் எல்லாரும் வெளியே! இரத்தத்தோடு பழகியவனின் மனம் இறுகிவிடும் என்பது போன்ற காரணங்கள். அந்தப் பட்டியலில் நெசவாளியும் இருக்கிறான். நெசவாளி மேல் இந்த இளக்காரம் அஹிகள் கண்டுபிடித்ததல்ல. மத்தியகால முஸ்லிம் சமூகங்கள் பலவற்றில் இருந்தது. ஹனஃபி ஃபிக்ஹு நூல்களில் குஃபு பற்றிய பாடத்தில் கூட நெசவாளியைக் கீழே வைத்துப் பேசும் இடங்கள் உண்டு.

மருதமுனையில் தறி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அப்ப எங்கள உள்ளுக்கு எடுத்திருக்க மாட்டாங்களே" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சோறு தந்திருப்பாங்க தானே?" என்று கேட்டார். தந்திருப்பார்கள். முஸாபிராகப் போயிருந்தால் கம்பளத்தில் உட்கார வைத்து, கை கழுவத் தண்ணீர் ஊற்றி, முதல் தட்டை அவருக்குத்தான் வைத்திருப்பார்கள். கொடுப்பவர்களின் வரிசையில்தான் இடமிருந்திருக்காது. அஹிகளின் தர்மத்தில் எனக்கு உறுத்துகிற இடம் இதுதான். வாங்குவதற்குத் தகுதி கேட்காதவர்கள் கொடுப்பதற்குத் தகுதி கேட்டார்கள். நமது சங்கங்களிலும் ஜமாஅத்துகளிலும் நிர்வாகக் கதிரையில் யார் இருக்கலாம் என்று எழுதாமலே ஒரு பட்டியல் இருக்கிறதா இல்லையா என்பதை வாசகர்கள் தத்தம் ஊரை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

நடைமுறை நூலை விட நல்லதாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். உஸ்மானியர் காலத்தில் நெசவாளருக்கும் இறைச்சிக் கடைக்காரருக்கும் தத்தம் சங்கங்கள் இருந்தன. 1638இல் நான்காம் முராத் முன்னிலையில் இஸ்தான்புலில் நடந்த தொழிற்சங்க ஊர்வலத்தை எவ்லியா செலெபி பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அதில் யார்தான் இல்லை!

சங்கத்தின் கண்டிப்புக்கும் தர்மத்துக்கும் தொடர்பு உண்டு. பழுதான சாமானை விற்றால் விற்றவனுக்கு மட்டுமல்ல, அந்தத் தொழிலுக்கே கெட்ட பெயர். பெட்டியில் சேரும் காசும் அசுத்தமாகிவிடும் என்று நினைத்தார்கள். கெட்ட சப்பாத்து விற்றவனுடைய சப்பாத்தை அவனுடைய கடைக் கூரை மேல் எறிந்துவிடுவார்கள் என்று சொல்வதுண்டு. ஒருவனுக்கு மவுசு போய்விட்டது என்பதற்குத் துருக்கியில் இன்றைக்கும் 'அவனுடைய சப்பாத்து கூரைக்குப் போய்விட்டது' என்றுதான் சொல்கிறார்கள்.

18ஆம் நூற்றாண்டில் 'கெதிக்' என்ற உரிம முறை இறுகியது. கடை வைக்கும் உரிமை வாங்கவும் விற்கவும் கூடிய பொருளாயிற்று. உஸ்தா ஆவதற்குத் திறமை போதும் என்ற நிலை போய், உரிமம் வேண்டும் என்று வந்தது. அப்போதே பழைய சகோதரத்துவம் பாதி போய்விட்டது என்பேன். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆலைத் துணியும் ஆலைத் தோலும் வந்து குவிந்தன. தோல் பதனிடுபவனின் வாரப் பணம் சுருங்கச் சுருங்கப் பெட்டியும் சுருங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1910க்கும் 1913க்கும் இடையில், பழைய சங்க அமைப்பும் கெதிக்கும் சட்டத்தால் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டன.

அங்காராவில் கோட்டைக்குக் கிட்ட ஏழு நூற்றாண்டுக்கு மேல் பழமையான பள்ளி ஒன்று இருக்கிறது. அர்ஸ்லான்ஹானே என்பார்கள், அஹி ஷெரஃபுத்தீன் பள்ளி என்றும் பெயருண்டு. 1290ஐ ஒட்டி அஹிச் சகோதரர் இருவர் செலவில் கட்டியது. வெளியே பார்த்தால் சாதாரணக் கல்லுச்சுவர். உள்ளே கூரையைத் தாங்குவது மரத்தூண்கள். அவற்றின் தலைப்பில் எங்கோ இடிந்து கிடந்த ரோமர் காலக் கட்டடத்தின் கல் வேலைப்பாடுகளை எடுத்துப் பொருத்தியிருக்கிறார்கள். 2023இல் யுனெஸ்கோ அனத்தோலியாவின் மரத்தூண் பள்ளிகள் ஐந்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது அதில் இதுவும் ஒன்று. இன்றும் அங்கே ஐந்து நேரமும் தொழுகை நடக்கிறது.